பட்டறையில் பிறந்த வண்டிக்குப் பாதை எங்கே?

மைசூரில் டயர் தயாராகிறது. விக்ராந்த் என்ற பெயரில் தொடங்கிய அந்த ஆலை இன்று ஜே.கே. டயர் வசம் இருக்கிறது. ஹூட்டகள்ளியில், 1981இல் தொடங்கப்பட்ட ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் நிறுவனம் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அச்சு செய்கிறது. பெமல் நிறுவனத்தின் மைசூர் வளாகத்தில் சுரங்கங்களில் ஓடும் ராட்சத டம்பர்களும் எஞ்சின்களும் உருவாகின்றன. நஞ்சன்கூடு சாலையில் டி.வி.எஸ். ஆலையிலிருந்து இரு சக்கர வண்டிகள் வரிசையாக வெளியேறுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் முன்னோடியாக யாதவகிரியில் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்து தந்தது. ஆக, சக்கரத்திலிருந்து எஞ்சின் வரை ஒரு வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் கையால் தொட்டு அறிந்தவர்கள் மூன்று தலைமுறையாக வாழும் ஊர் இது. அப்படிப்பட்டவர்களில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் நான்கு சக்கர இழுவண்டி ஒன்றைச் செய்து, காயலான் கடையில் கிடைத்த மொபெட் எஞ்சினை அதில் மாட்டித் தெருவுக்குக் கொண்டுவந்தால், அந்த நொடியே சட்டத்தை மீறியவர் ஆகிறார். அந்த வண்டி பாதுகாப்பானதா, ஆபத்தானதா என்று எந்த அதிகாரியும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை, ஏனென்றால் சோதித்துப் பார்ப்பதற்கான வழியே அவர்களிடம் இல்லை. வீட்டில் செய்த வண்டிகளை நம் நாடு ஒன்று முற்றாகத் தடுக்கிறது, இல்லாவிட்டால் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது. இரண்டுமே தவறு, மெதுவாக ஓடும் ஒற்றை வண்டிகளுக்குச் சோதனையோடு கூடிய ஓர் அனுமதிப் பாதை வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த வேலையை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவது எளிது. கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அதற்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்பது தெரியும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நேராகச் சக்கரத்தில் கொடுத்தால் வண்டி நகராது. நகர்ந்தாலும் அடக்க முடியாது. ஆகவே செயினும் சிறிதும் பெரிதுமான ஸ்ப்ராக்கெட்டுகளும் வைத்துப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அப்போது சக்கரம் நிமிடத்துக்கு 300 முறை சுற்றும். சக்கரத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் நகரும். வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரை ஒட்டி வரும். இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் படித்து மறந்த பையன், தன் வண்டி ஏற்றத்தில் திணறும்போது அதை மறக்க முடியாதபடி கற்றுக்கொள்கிறான். அடுத்தது ஸ்டியரிங். குழந்தைகள் கைப்பிடியால் இழுத்துப் போகும் வண்டியில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் திரும்பும். இழுத்துப் போகும் வரை அதில் பழுதில்லை. எஞ்சின் வைத்து வேகமாகத் திருப்பினால், நான்கு மூலைகளில் நின்ற வண்டி கிட்டத்தட்ட மூன்று மூலையில் நிற்பது போலாகி உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். அதனால்தான் கார்களில் அச்சு அசையாமல் நிற்க, இரு முனைகளிலும் சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்புகின்றன; உள்பக்கச் சக்கரம் சற்றுக் கூடுதலாகவே திரும்ப வேண்டும். இவற்றையெல்லாம் புத்தகத்தில் படம் பார்த்துப் புரிந்துகொள்வது ஒரு வகை. வெல்டிங் செய்த இரும்பை மறுபடி அறுத்துப் பொருத்தும்போது புரிவது வேறு வகை.

பிரேக் விஷயத்தை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் வீட்டு வண்டிகள் ஆளை அடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மொபெட் எஞ்சின்களில் பொதுவாக இருப்பது வேகம் கூடினால் தானே பிடிக்கும் வகை கிளட்ச். எஞ்சின் சுற்று குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும். சமதளத்தில் இது வசதி. சாமுண்டி மலையிலிருந்து இறங்கும் சாலையில் ஆக்சிலேட்டரை விட்டு எஞ்சின் சுற்று குறைந்துவிட்டால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துபோகிறது. கியர் வண்டியைப் போல எஞ்சின் இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக் மேல் விழும், பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். அதிலும் பிரேக்கைச் சக்கரத்தில் வைக்காமல் கிளட்ச் டிரம்மிலேயே வைத்துவிட்டால், நடுவில் செயின் அறுந்தால் பிரேக்கே இல்லை. நல்ல மெக்கானிக்குக்கு இது தெரியும், ஆர்வத்தில் செய்யும் கல்லூரி மாணவனுக்குத் தெரியாமல் போகலாம். தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு இருந்தால் அந்த வண்டி மலைக்குப் போகும் முன்பே திருத்தப்படும். ஒளித்துச் செய்து ஒளித்து ஓட்டும் நிலையில் அந்த வாய்ப்பு இல்லாமல் போகிறது.

ஒற்றை மனிதரின் பட்டறையிலிருந்து என்னென்ன வந்திருக்கின்றன என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கினால் கோவை. பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வைத்திருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பணம் சேர்த்து வாங்கி, அதைப் பிரித்து மாட்டியே இயந்திரக் கல்வி பெற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். 1952இல் அவர் உருவாக்கிய இருவர் அமரும் பெட்ரோல் காரை இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்க முடியும் என்றார். அரசு உரிமம் தரவில்லை. அதே கோவையில், மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் குறைந்த செலவில் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்தப் பந்தய வகையில் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரிவரதனின் வண்டி பந்தயத் தடத்தில் ஓடியது, அதனால் பதிவெண் கேட்க யாரும் இல்லை. நாயுடுவின் வண்டி தெருவுக்கு வர வேண்டியது, அது நின்றுவிட்டது. திறமையில் இருவருக்கும் குறையில்லை. ஓட்டிப் பார்க்க இடம் கிடைத்தது ஒருவருக்கு மட்டுமே.

வெளிநாட்டிலும் கதை இதே திசையில்தான் போகிறது. 1956இல் கலிபோர்னியாவின் கிளெண்டேல் நகரில் ஆர்ட் இங்கெல்ஸ், புல்வெட்டும் இயந்திரத்துக்கான சிறிய எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்திச் செய்ததுதான் முதல் கோ-கார்ட். இன்று உலகின் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களில் ஏறக்குறைய எல்லோரும் சிறு வயதில் கார்ட்டில் தொடங்கியவர்களே. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1948இல் பழைய ஆஸ்டின் செவன் காரைக் கொட்டகையில் வைத்து மாற்றிக் கட்டியதிலிருந்து லோட்டஸ் நிறுவனம் முளைத்தது. அந்த நாட்டில் இன்றும் ஒருவர் தானே கட்டிய காரை அரசுச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். பிரேக், இருக்கைப் பட்டை, விளக்கு, கண்ணாடி, புகை, சத்தம், உடலைக் கிழிக்கும் கூர்முனைகள் என்று வரிசையாகப் பார்த்து, தேறினால் பதிவெண் தருகிறார்கள். பழைய உதிரி பாகங்களால் ஆன வண்டிக்கு வயதும் பூர்வீகமும் தெரியாது என்றால் அதற்கென்றே தனி எழுத்தில் தொடங்கும் எண் உண்டு. ஆலைத் தயாரிப்புக்கும் கள்ள வண்டிக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு வகை இருக்க முடியும் என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நம் சட்டத்தில் அந்த இடம் காலி. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டி செய்பவர் அதன் முன்மாதிரியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் நிறுவனத்துக்கு அந்தச் செலவு வண்டிக்கு வண்டி பங்கிடப்படும். ஒரே ஒரு வண்டி செய்பவருக்கு அது வண்டியின் விலையைப் போல் பல மடங்கு ஆகிவிடும். விதிவிலக்காக இருப்பவை மூன்று சிறு சந்துகள்தான். நான்கு சக்கரத்துக்குக் குறைந்து, எஞ்சின் 25 சி.சி.க்கு மிகாமல் இருந்தால் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே எண்ணாது. ஆலை வளாகம் போன்ற அடைத்த இடங்களில் மட்டும் ஓடும் தனி வகை வண்டிக்கும் அப்படியே. மின் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் அடங்கும் சிறு பேட்டரி வண்டிகளுக்கு விதிகளில் விலக்கு உண்டு. இந்த மூன்றாவது சந்தின் அகலம் எவ்வளவு சிறியது என்பதைவிட, அதற்குள் என்ன விளைந்தது என்பதைப் பார்க்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழு உருவாக்கி 2021இல் வெளியிட்ட நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் இணைப்பு. உச்ச வேகம் 25 கிலோமீட்டர். நாற்காலியில் இருப்பவர் யாரையும் எதிர்பார்க்காமல் அதைத் தானே மாட்டி, கடைத்தெருவுக்குப் போய்வரலாம். வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்து வழிவிட்டால் எத்தகைய வண்டி பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே நாட்டில் விமானத்துக்குக் கிடைத்த வழி வண்டிக்குக் கிடைக்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது. மும்பையில் விமானி அமோல் யாதவ், தன் குடும்பம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரக்கூடிய விமானத்தைக் கட்டினார். ஆண்டுக்கணக்கில் அலைந்தார் என்பது உண்மை. ஆனாலும் 2017இல் அதற்குப் பதிவெண் கிடைத்தது, 2019இல் பறந்து சோதிக்க அனுமதியும் கிடைத்தது. தனிமனிதர் கட்டும் சோதனை விமானம் என்ற வகை விமானப் போக்குவரத்து விதிகளில் இருந்ததால்தான் அவர் போராடிப் பெறுவதற்கு ஒன்று இருந்தது. 2021இன் இறுதியில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில், பழைய இரும்பைச் சேர்த்து, உதைத்துக் கிளப்பும் நான்கு சக்கர வண்டி செய்த கொல்லர் ஒருவரின் காணொளி நாடெங்கும் பரவியது. அதைப் பார்த்த ஆனந்த் மஹிந்திரா, விதிகளுக்குப் பொருந்தாததால் அதிகாரிகள் ஒருநாள் நிறுத்திவிடுவார்கள் என்று வெளிப்படையாக எழுதி, அதற்கு மாற்றாக ஒரு பொலேரோ தருவதாகச் சொல்லித் தந்தும்விட்டார். அவர் செய்தது பெருந்தன்மை. ஆனால் அந்தக் கொல்லரின் வண்டிக்குக் கிடைத்த இடம் காட்சிக்கூடம்தான், சாலை அல்ல. அடுத்த ஊர்க் கொல்லருக்கு பொலேரோவும் கிடைக்காது.

இனி எதிர்வாதங்கள். முதலும் கனமானதும் உயிர்ப்பாதுகாப்பு. வட மாநிலங்களில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் கட்டி, இருபது முப்பது பேரை ஏற்றிச் செல்லும் ஜுகாட் வண்டிகள் கவிழ்ந்து எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள். சென்னையில் மீன்பாடி வண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் வைத்து, பின்னால் கம்பி நீட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பயந்து ஒதுங்காதவர் இல்லை. இந்த பயம் நியாயமானது, இதைத் தள்ளிவிட்டு வாதம் செய்ய முடியாது. ஆனால் இந்த வண்டிகள் எப்படி ஆபத்தாகின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும்: அளவு மீறிய வேகம், அளவு மீறிய பாரம், போதாத பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். சுமாரான பிரேக் உள்ள வண்டி மணிக்கு 25 கிலோமீட்டரில் வரும்போது ஆறு மீட்டரில் நிற்குமானால், அதே பிரேக் 50 கிலோமீட்டரில் நிற்க 24 மீட்டர் கேட்கும். ஆகவே வேகத்தை 25 கிலோமீட்டரில் பூட்டி, ஓட்டுநரோடு மற்றொருவர் மட்டும் என்று வரம்பு கட்டி, நெடுஞ்சாலைக்கு வரக்கூடாது என்றும் விதித்துவிட்டால் ஆபத்தின் பெரும் பகுதி அங்கேயே வடிந்துவிடுகிறது. மிச்சத்தைச் சோதனை பார்த்துக்கொள்ளும்.

இழப்பீடு பற்றிய கேள்வி இதைவிட நுட்பமானது. ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், ஜுகாட் வண்டியும் மோட்டார் வாகனமே என்று தீர்ப்பளித்தது. பதிவு, உரிமம், காப்பீடு இல்லாமல் அது ஓடக்கூடாது என்றது. இந்தத் தீர்ப்பை வீட்டு வண்டிகளுக்கு எதிரான தீர்ப்பாகவே பலரும் படிக்கிறார்கள். அது அடிபட்டவருக்காக எழுதப்பட்டது என்று நான் படிக்கிறேன். பதிவு இல்லாத வண்டிக்குக் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாத வண்டி மோதினால் காலை இழந்த கூலித் தொழிலாளிக்கு ஈடு கொடுக்க எவரும் இல்லை. பதிவு செய்யும் வழியையே அடைத்துவிட்டால் வண்டிகள் நின்றுவிடப் போவதில்லை, அடிபட்டவர்தான் வெறுங்கையோடு நிற்பார். தீர்ப்பு கேட்பதை நிறைவேற்ற வேண்டுமானால் பதிவுக்கு வழி திறந்தாக வேண்டும்.

ஒற்றை வண்டி என்ற பெயரில் வியாபாரிகள் நூற்றுக்கணக்கில் செய்து தள்ளிவிடுவார்களே என்பதுதான் எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றும் ஆட்சேபம். டெல்லியின் மின் ரிக்‌ஷாக்கள் இதற்குக் கண்கூடான சாட்சி. சிறு பட்டறைகளில் பூட்டப்பட்டு, எந்த விதிக்கும் அடங்காமல் பெருகின. 2014 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு அதில் இருந்ததால் 2015இல் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, மின் ரிக்‌ஷா என்ற புதிய வகையையே சேர்த்தது. அதன் பிறகும் நெரிசலும் குழப்பமும் தீர்ந்துவிடவில்லை. இதிலிருந்து இரண்டு பாடங்கள் எடுக்கலாம். மக்களுக்குத் தேவையான வண்டியைச் சட்டம் இறுதியில் ஏற்கத்தான் வேண்டியிருக்கிறது, தாமதித்து ஏற்பதால் ஒழுங்குபடுத்துவது கடினமாகிறது. மற்றொன்று, வாடகைக்கு ஓடும் வண்டியையும் சொந்தத்துக்குச் செய்த வண்டியையும் ஒரே கதவு வழியே விடக்கூடாது. செய்தவர் பெயரிலேயே பதிவு, ஐந்தாண்டுகளுக்கு விற்கத் தடை, கட்டணம் வாங்கி ஆளோ சரக்கோ ஏற்றத் தடை என்று வைத்தால் வியாபாரிக்கு இந்தப் பாதையில் லாபம் இருக்காது. எல்லா ஏமாற்றையும் இது தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். இன்று நடப்பதைவிடக் குறையும்.

புகை பற்றிய ஆட்சேபத்துக்கு நான் வாதாடப் போவதில்லை, அதை அப்படியே ஏற்கிறேன். பழைய இரு வீச்சு எஞ்சின் எண்ணெயையும் பெட்ரோலையும் சேர்த்து எரிப்பது. எரிபொருளின் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். ஜாவாவின் எஞ்சினும் அந்த வகைதான். இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ஹார்லி எஞ்சின்களோடு டெல்லித் தெருக்களில் ஓடிய பட்பட்டி ரிக்‌ஷாக்கள் 1990களின் இறுதியில் மறைந்ததும் காற்று மாசு காரணமாகத்தான். புதிதாகத் திறக்கும் பாதை மின் மோட்டாருக்கு மட்டும் என்று வைத்துவிடலாம். பழைய எஞ்சின்களை நேசிப்பவர்களுக்கு இது வருத்தம் தரும். ஆனால் சக்கரக் குடத்துக்குள்ளேயே அடங்கும் மோட்டார்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன, வேகத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே பூட்டிவைக்கவும் முடியும்.

கடையில் பழைய வண்டி மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள், கடையில் கிடைக்காத வண்டி யாருக்குத் தேவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மண்டியா, மைசூர் வட்டாரத்தின் கரும்பு வயல்களில் பவர் டில்லருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, சந்தைக்கும் வீட்டுக்கும் போய்வருவது அன்றாடக் காட்சி. நடை வேகத்தில் உழுவதற்காகப் பிறந்த இயந்திரம் அது. அரை ஏக்கர்க்காரருக்குப் பொருந்தும் அளவில் வேறு வண்டியை யாரும் செய்து விற்காததால் அவரே அதை வண்டியாக்கிக்கொண்டார். ஸ்கூட்டருக்கு இரு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்தும் வேலையும் உள்ளூர்ப் பட்டறைகளில்தான் வளர்ந்தது. இன்று தமிழ்நாடு அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்குகிறது. அவர்களுக்காக வண்டியை மாற்றியமைப்பதற்குச் சட்டம் இடமும் தந்திருக்கிறது. ஆலை ஒரு பொருளைச் செய்ய லட்சம் பேர் ஒரே தேவையோடு வர வேண்டும். பட்டறைக்கு ஒருவர் வந்தால் போதும்.

ஐடியல் ஜாவா மூடிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் யெஸ்டிகள் மைசூர்த் தெருக்களில் ஓடுவது இந்தத் திறமையால்தான். வால்வு இல்லாத எளிய எஞ்சின்; உதைத்துக் கிளப்பும் அதே நெம்புகோலை முன்னால் மடக்கினால் கியர் மாற்றும் நெம்புகோல் ஆகிவிடும். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்துகொள்ளும் மெக்கானிக்குகள் இருந்ததால் ஆலை போன பிறகும் வண்டி போகவில்லை. இவர்களின் கை இன்னும் ஒரு தலைமுறைக்கு வர வேண்டுமானால், சட்டத் திருத்தத்துக்காக டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கும் நேரத்தில் மைசூரில் ஒன்றைத் தொடங்கலாம். அடைத்த இடத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இப்போதே விலக்கு இருக்கிறது. அரண்மனைக்கு எதிரே தொட்டகெரே மைதானத்தில் தசராப் பொருட்காட்சி முடிந்ததும் இடம் கிடைக்கும் மாதங்களில், மாதம் ஒரு ஞாயிறு அதைச் சோதனைக் களமாக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஆய்வாளர் ஒருவர், பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் இருந்தால் போதும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் நிற்கிறதா, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழுகிறதா, செயினைக் கழற்றிவிட்ட பிறகும் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கட்டும். பார்த்ததை ஒரு தாளில் எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, வண்டி செய்தவரிடம் கொடுக்கட்டும்.